பின்வளவில் பிள்ளையின் பிறந்தநாள்: அழைப்பிலிருந்து வெற்றுப் பேணி வரை

சிட்னிக்கு வந்து சில ஆண்டுகளே ஆன பெற்றோருக்காக இதை எழுதுகிறேன். கடந்த ஆண்டு மகனின் 16ஆவது பிறந்தநாளை எங்கள் வீட்டுப் பின்வளவில் கொண்டாடினோம். 22 பேரை அழைத்திருந்தோம். நாற்பது பேர் அளவில் வந்தார்கள். இரவு ஒன்பதரைக்கு அயலவர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். மறுநாள் மூன்று அரிசிச் சாக்கு நிறைய வெற்றுப் பேணிகளையும் போத்தல்களையும் காரில் ஏற்றிக்கொண்டு பணம் திருப்பித் தரும் இயந்திரத்துக்குப் போனால், அவற்றில் அறுபதுக்கு மேற்பட்டவற்றை அது ஏற்கவேயில்லை. இந்த ஆண்டு மகளின் 15ஆவது பிறந்தநாளில் 152 கலன்கள் சேர்ந்தன, 148 ஏற்கப்பட்டன, அயலவர் கேக் சாப்பிட வந்தார். இரண்டுக்கும் இடையில் நான் கற்றுக்கொண்டவற்றை, செய்ய வேண்டிய வரிசையிலேயே தருகிறேன். சட்டங்களும் கட்டணங்களும் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்துக்கு உரியவை. வேறு மாநிலத்தில் இருப்போருக்கு ஏழாம் பகுதியில் சில வரிகள் உண்டு.

1. நான்கு வாரங்களுக்கு முன்: நாள், நேரம், இடம்

சனிக்கிழமையையே தெரிவு செய்யுங்கள். இம்மாநிலத்தின் ஒலிக் கட்டுப்பாட்டு விதிகளின்படி, ஒலிபெருக்கியில் போடும் பாட்டு அயல்வீட்டின் படுக்கையறை, இருப்பறை போன்ற அறைகளுக்குள் கேட்கக்கூடாத நேரம் வெள்ளி, சனி இரவுகளிலும் பொதுவிடுமுறைக்கு முந்திய இரவிலும் நள்ளிரவு 12 மணிக்கும், மற்ற நாட்களில் இரவு 10 மணிக்கும் தொடங்கிக் காலை 8 மணி வரை நீடிக்கும். ஆனால் நள்ளிரவு வரை எவ்வளவு சத்தமும் போடலாம் என்று இதை வாசிக்கக் கூடாது. அளவுக்கு மீறிய இரைச்சல் எந்த நேரத்திலும் முறைப்பாட்டுக்கு உரியது. பொலிஸாரோ கவுன்சில் அதிகாரியோ வந்து சத்தத்தைக் குறைக்கும்படி பணிப்பாணை தந்தால் அது 28 நாட்களுக்குச் செல்லும். அதை மீறினால் தண்டப்பணம். நாங்கள் இம்முறை மாலை 5 மணிக்குத் தொடங்கி இரவு 10 மணிக்கு முடித்தோம். முடியும் நேரத்தை அழைப்பிலேயே எழுதிவிடுங்கள், இல்லையேல் பதினொன்றரைக்கும் யாராவது ஒரு பிள்ளை தந்தையின் காருக்காக வாசலில் காத்துக்கொண்டிருக்கும்.

வாடகை வீட்டில் கொண்டாட்டம் வைப்பதற்குப் பொதுவாகத் தனி அனுமதி தேவையில்லை. எனினும் அயலவருக்குத் தொல்லை தரக்கூடாது என்ற கடமை வாடகை ஒப்பந்தத்திலேயே இருக்கிறது, எடுத்துப் படித்துப் பாருங்கள். பல வீட்டுக்காரர் பொது இடங்களைப் பகிர்ந்துகொள்ளும் ஸ்ட்ராட்டா நிர்வாகத்தின் கீழ் உள்ள வீடென்றால் பொதுப் புற்றரையும் பார்பிக்கியூ இடமும் உங்களுக்கு மட்டும் உரியவை அல்ல. அவற்றைப் பயன்படுத்துவதற்கு எழுத்தில் கேட்டு, பதிலை வைத்திருங்கள்.

கோடைகாலமென்றால், பிள்ளைகள் குளிக்கட்டும் என்று கடையில் காற்றடிக்கும் நீச்சல் தொட்டி வாங்குவோர் உண்டு. 30 சென்ரிமீற்றருக்கு மேல் நீர் நிரப்பக்கூடிய தொட்டி எதுவானாலும், அது பிளாஸ்ரிக்கில் செய்யப்பட்டதாயினும், சட்டப்படி வேலி தேவை. நாங்கள் வாங்கிய தொட்டியைப் பெட்டி திறக்காமலேயே கடையில் திருப்பிக் கொடுத்தோம்.

2. மூன்று வாரங்களுக்கு முன்: அழைப்பும் பெயர்ப்பட்டியலும்

எங்கள் முதல் தவறு இங்கேதான் நடந்தது. மகன் முகவரியுடன் கூடிய அழைப்பை ஸ்னாப்சட்டில் பொதுவாகப் பகிர்ந்துவிட்டான். நண்பனின் நண்பன், அவனுடைய மைத்துனன் என்று பட்டியல் நீண்டது. இம்முறை அழைப்பைத் தனித்தனியாக, பிள்ளைக்கு அல்ல, பெற்றோரில் ஒருவரின் கைத்தொலைபேசிக்கு அனுப்பினோம். முகவரியைக் கொண்டாட்டத்துக்கு இரண்டு நாட்கள் இருக்கும்போதுதான் கொடுத்தோம்.

அழைப்புக்குப் பதில் வரும்போதே மூன்று விடயங்களைக் கேட்டு ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: அன்றிரவு உடனே எடுக்கக்கூடிய தொலைபேசி இலக்கம், உணவு ஒவ்வாமை, யார் வந்து கூட்டிச் செல்வார்கள் என்பது. வேர்க்கடலை, முட்டை, பால் ஒவ்வாமை உள்ள பிள்ளைகள் இங்கே பலர். அவசர ஊசி கொண்டு வருகிற பிள்ளையென்றால் அந்த ஊசி எந்தப் பையில் இருக்கிறது என்பதை நீங்கள் அறிந்திருக்க வேண்டும். இந்தத் தாளே அன்றிரவு உங்களிடம் இருக்க வேண்டிய முதல் ஆவணம். தொலைபேசியில் மட்டும் வைத்திருந்தால், வாசலில் நிற்கும் உங்கள் தம்பிக்கோ மாமாவுக்கோ அது பயன்படாது.

இன்னொன்று: அரசின் மருத்துவக் காப்புறுதியான மெடிகெயாரின் அட்டை இருந்தாலும் அம்புலன்ஸ் செலவை அது ஏற்காது. உங்கள் தனியார் மருத்துவக் காப்புறுதியில் அம்புலன்ஸ் அடங்குகிறதா என்று பாருங்கள். விருந்தினரின் பெற்றோரிடம் இதைக் கேட்பது எங்களுக்குச் சங்கடமாக இருந்ததால் கேட்கவில்லை. வீட்டுப் பொருட்களுக்கான காப்புறுதியில் பிறர் உங்கள் வளவில் காயமடைந்தால் வரும் பொறுப்புக்கும் பாதுகாப்பு இருக்கிறதா என்பதை ஒப்பந்தத்தில் தேடிப் பாருங்கள். துள்ளிக் குதிக்கும் காற்று மாளிகை வாடகைக்கு எடுப்பதாக இருந்தால் அவர்களுடைய பொதுப் பொறுப்புக் காப்புறுதிச் சான்றின் பிரதியைக் கேட்டு வாங்குங்கள்.

3. இரண்டு வாரங்களுக்கு முன்: பொலிஸ் பதிவும் அயலவரும்

நியூ சவுத் வேல்ஸ் பொலிஸாரின் இணையத்தளத்தில் வீட்டுக் கொண்டாட்டங்களைப் பதிவு செய்யும் படிவம் உண்டு. கட்டணம் இல்லை. முகவரி, தொடங்கும் நேரம், முடியும் நேரம், எத்தனை பேர் வருவார்கள், பொறுப்பான பெரியவர் யார் என்ற விவரங்களைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் ஒரு தேநீர் ஆறுவதற்குள் முடிந்துவிடும். நம்மவர்களில் பலர் இதைக் கேட்டதும் தயங்குகிறார்கள்: பொலிஸுக்கு நாமே போய்ச் சொல்வதா, விசாவுக்கு ஏதும் பிரச்சினை வருமா என்று என்னிடமே கேட்டிருக்கிறார்கள். இது அனுமதி கேட்கும் விண்ணப்பமும் அல்ல, குற்றப் பதிவும் அல்ல. அழையாத கும்பல் ஒன்று வந்து நீங்கள் தொலைபேசியில் கூப்பிட நேர்ந்தால், உங்கள் வீட்டில் என்ன நடக்கிறது என்பது அவர்களுக்கு முன்பே தெரிந்திருக்கும், அவ்வளவுதான். உயிராபத்துக்கு 000, அவசரமற்ற பொலிஸ் உதவிக்கு 131 444. இரண்டையும் பெயர்ப்பட்டியல் தாளின் மேற்பக்கத்தில் எழுதுங்கள்.

அயலவருக்குக் கடிதப்பெட்டியில் துண்டு போடுவது போதாது. இரு பக்கத்து வீடுகளுக்கும் பின்வேலிக்கு அப்பால் உள்ள வீட்டுக்கும் நேரில் போய், நாள், நேரம், உங்கள் கைத்தொலைபேசி இலக்கம் மூன்றையும் சொல்லி, சத்தம் அதிகமென்றால் முதலில் எனக்கு எடுங்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். முறைப்பாடு கவுன்சிலுக்குப் போவதும் உங்களுக்கு வருவதும் பெரும்பாலும் இந்த ஐந்து நிமிடப் பேச்சில்தான் தங்கியிருக்கிறது.

4. மது: இங்கே விட்டுக்கொடுப்பு வேண்டாம்

18 வயதுக்குக் குறைந்த ஒருவருக்கு, அவருடைய பெற்றோரின் அல்லது பாதுகாவலரின் ஒப்புதல் இன்றி, தனியார் வீட்டில்கூட மது கொடுப்பது இம்மாநிலத்தில் குற்றம். நீதிமன்றம் சென்றால் உச்சத் தண்டனை 11,000 டொலர், 12 மாதச் சிறை, அல்லது இரண்டும். ஒப்புதல் இருந்தாலும், பொறுப்பான மேற்பார்வையோடு கொடுத்தீர்கள் என்பதை நீங்கள் காட்ட வேண்டியிருக்கும். ‘அவனுடைய அப்பா ஒன்றும் சொல்லமாட்டார்’ என்ற பிள்ளையின் வாக்கு ஒப்புதல் ஆகாது.

நாங்கள் மது இல்லை என்று அழைப்பிலேயே எழுதினோம். பெரியவர்களுக்கும் அன்று இல்லை. கராஜில் இருந்த பழைய குளிர்சாதனப் பெட்டியில் என் அத்தான் விட்டுச்சென்ற பியர் இருந்ததைக் கடந்த ஆண்டு நான் மறந்திருந்தேன், பையன்கள் மறக்கவில்லை. முதல் நாளே அப்பெட்டியைக் காலி செய்து கராஜைப் பூட்டுங்கள்.

5. ஒரு வாரத்துக்கு முன்: கடைக்குப் போகும்போதே கழிவை எண்ணுதல்

இந்தப் பகுதியில்தான் அதிகக் கவனம் வேண்டும். மறுநாள் இயந்திரத்தின் முன் நிற்கும்போது எவ்வளவு சிரமப்படப் போகிறீர்கள் என்பது, இன்று கடையில் எந்தப் பானத்தைக் கூடையில் போடுகிறீர்கள் என்பதிலேயே முடிவாகிறது.

ரிட்டர்ன் அண்ட் ஏர்ன் என்பது இம்மாநிலத்தின் வைப்புப்பணத் திட்டம். தகுதியுள்ள ஒவ்வொரு வெற்றுப் பானக் கலனுக்கும் 10 சதம் திருப்பித் தரப்படும். அந்தச் செலவைத் தயாரிப்பாளர்கள் விலையில் ஏற்றியிருப்பதால், கலனைக் குப்பையில் போடுகிறவர் தன் பணத்தையே போடுகிறார். 150 மில்லிலீற்றர் முதல் 3 லீற்றர் வரையான பெரும்பாலான பேணிகள், பிளாஸ்ரிக் போத்தல்கள், கண்ணாடிப் போத்தல்கள், காகித அட்டைப் பெட்டிகள் தகுதியுடையவை. சோடா, தண்ணீர், விளையாட்டுப் பானம், பியர் ஆகியவற்றின் கலன்களில் சிக்கல் இல்லை. சிக்கல் வருவது பால், பழச்சாறு, வைன் ஆகியவற்றில். சாதாரண வெள்ளைப் பாலின் போத்தல் எந்த அளவானாலும் தகுதியற்றது. சுவையூட்டிய பாலும் கலப்பற்ற பழச்சாறும் ஒரு லீற்றருக்குக் குறைந்த கலனில் இருந்தால் ஏற்கப்படும், ஒரு லீற்றரோ அதற்கு மேலோ என்றால் ஏற்கப்படாது. நீர் கலந்து குடிக்கும் கோடியல் போத்தலும் வைன், விஸ்கி போன்றவற்றின் கண்ணாடிப் போத்தல்களும் நான் இதை எழுதும்போது இப்பட்டியலுக்கு வெளியே இருக்கின்றன. பட்டியலை விரிவாக்கப் போவதாக மாநில அரசு அறிவித்திருப்பதால், வாங்குவதற்கு முன் திட்டத்தின் தளத்தில் ஒருமுறை பாருங்கள்.

நம்மவர்கள் விழும் பொறி ஒன்று தனியாக உண்டு. தமிழ்க் கடைகளில் வாங்கும் இறக்குமதிச் சோடா, மாம்பழப் பானம், நெக்டோ எனும் இலங்கைச் சோடா போன்றவற்றின் கலன்களில் 10 சத மீளளிப்புக் குறி இருக்கிறதா என்று திருப்பிப் பாருங்கள். சிலவற்றில் இறக்குமதியாளர் ஒட்டிய சிறு தாளில் அது இருக்கும். குறியே இல்லாதவற்றை இயந்திரம் பெரும்பாலும் திருப்பித் தள்ளிவிடும். எங்கள் முதலாம் ஆண்டு நிராகரிப்பில் ஏறத்தாழ இருபது இப்படிப்பட்டவை. பிள்ளைகளுக்கு ஆசையென்றால் வாங்குங்கள், ஆனால் அதில் 10 சதம் வரும் என்று எண்ணாதீர்கள்.

பெரிய இரண்டு லீற்றர் போத்தல்களை வாங்கிக் குவளைகளில் ஊற்றிக் கொடுத்தால் மலிவு என்பது உண்மை. அதற்கு எதிராக எனக்கு இரண்டு காரணங்கள் உண்டு: பிள்ளைகள் குவளையை எங்காவது வைத்துவிட்டுப் புதிதாக ஒன்றை எடுப்பார்கள், அந்தக் குவளைகளுக்கு 10 சதமும் கிடையாது, மேலும் திறந்த குவளையில் யார் எதைக் கலந்தாலும் தெரியாது. ஆகவே 375 மில்லிலீற்றர் பேணிகளையும் 600 மில்லிலீற்றர் தண்ணீர்ப் போத்தல்களையும் வாங்கினோம். 24 பேணிகள் கொண்ட ஒரு கட்டுக்கு 2 டொலர் 40 சதம் திரும்பி வரும் என்று கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள். கோடையில் ஐந்து மணி நேரத்துக்கு ஒரு பிள்ளைக்கு ஐந்து கலன்கள் என்று கணக்கிட்டால் சரியாக இருக்கும். 28 பேருக்கு 140 வாங்கினோம். மீதி அவர்களே கொண்டு வந்தவை. கண்ணாடிப் போத்தல் ஒன்றுகூட வாங்கவில்லை, புல்லில் வெறுங்காலுடன் ஓடுவார்கள் என்பதால்.

தட்டு, கரண்டி தேடும்போதும் ஒரு விடயம்: 2022 நவம்பர் 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்ரிக் தட்டு, கரண்டி, முள்ளுக்கரண்டி, உறிஞ்சுகுழல் ஆகியவற்றைக் கொடுப்பது இம்மாநிலத்தில் தடைசெய்யப்பட்டுள்ளது. மரக் கரண்டியும் காகிதத் தட்டும் கிடைக்கும். ரோல்ஸ், கட்லட், பற்றிஸ் என்று கையால் சாப்பிடும் பண்டங்களை வைத்தால் கரண்டியே தேவைப்படாது.

6. அன்றைய நாள்: சாக்குகள், வாசல், அடுப்பு

பக்கவாசலில் ஒரு பெரியவர் பெயர்ப்பட்டியலுடன் கதிரை போட்டு உட்கார்ந்திருக்க வேண்டும். முன்வாசலைப் பூட்டிவிடுங்கள், ஒரே வழியாக வந்து ஒரே வழியாகப் போகட்டும்.

அன்று உங்கள் பகுதிக்கு முழுமையான தீத் தடை அறிவிக்கப்பட்டிருக்கிறதா என்று காலையிலேயே பாருங்கள். தடை நாளில் விறகும் மரக்கரியும் எரிக்கவே முடியாது. எரிவாயு பார்பிக்கியூவுக்கு நிபந்தனைகள் உண்டு, பெரியவர் ஒருவர் அருகிலேயே நிற்பதும் தண்ணீர்க் குழாய் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதும் அவற்றில் அடங்கும்.

இனி சாக்குகள். குப்பைத் தொட்டி ஒன்றும் அதன் பக்கத்தில் பேணிச் சாக்கு ஒன்றும் என ஜோடியாக இரண்டு இடங்களில் வையுங்கள், ஒன்று ஐஸ் போட்ட எஸ்கிக்கு (குளிர்காப்புப் பெட்டிக்கு) அருகில், மற்றது பிள்ளைகள் கூடிநிற்கும் மூலையில். சாக்குக்கு அருகே ஒரு வாளி. மிச்சத்தை வாளியில் ஊற்றிவிட்டு வெற்றுக் கலனைச் சாக்கில் போட வேண்டும். மேலே நான் அட்டையில் எழுதி மாட்டியது இரண்டே சொற்கள்தான்: ‘ஊற்று, நசுக்காதே’. அந்த இரண்டாவது சொல்லுக்குத்தான் விலை அதிகம். இயந்திரம் கலனின் வடிவத்தையும் அதிலுள்ள பட்டைக்குறியையும் (பார்கோட்) பார்த்தே ஏற்கிறது. பதினாறு வயதுப் பையன்களோ பேணியைக் கண்டால் காலால் மிதித்துத் தட்டையாக்காமல் விடமாட்டார்கள். கடந்த ஆண்டு நாற்பது பேணிகள் அப்படிப் போயின. தண்ணீர்ப் போத்தலின் தாளை உரித்துச் சுருட்டுவது இன்னொரு பழக்கம். தாள் போனால் பட்டைக்குறியும் போய்விடும்.

எஸ்கிக்குப் பக்கத்தில் அழியாத மை எழுதுகோல்கள் இரண்டைக் கட்டித் தொங்கவிட்டோம், தத்தம் பெயரைப் பேணியின் மேல் விளிம்பில் எழுதிக்கொள்வதற்கு. பாதி குடித்த பேணிகள் மேசையெங்கும் அநாதையாக நிற்பது வெகுவாகக் குறைந்தது.

7. மறுநாள்: எண்ணுதல், ஏற்றுதல், திருப்பிக் கொடுத்தல்

காலையிலேயே எறும்பு வந்துவிடும், ஆகவே இரவோடிரவாகச் சாக்குகளைக் கட்டி நிழலில் வையுங்கள். கழுவ வேண்டியதில்லை, வெறுமையாக இருந்தால் போதும். ஆயினும் ஒவ்வொன்றையும் கவிழ்த்துப் பார்த்துப் பிரியுங்கள்: குறியும் தாளும் உள்ளவை ஒரு சாக்கில், நசுங்கியவையும் குறியற்றவையும் வேறாக. அரிசிச் சாக்கு கிழியாது, ஆனால் நீர் ஒழுகும். கார்ப் பெட்டியில் பழைய படுக்கை விரிப்பை மடித்துப் போடாமல் ஏற்றினால் ஒரு மாதம் சோடா வாசனையில் வேலைக்குப் போவீர்கள்.

திருப்பிக் கொடுக்கும் இடங்கள் பல வகை. பல்பொருள் அங்காடிகளின் வாகனத் தரிப்பிடங்களில் நிற்கும் தானியங்கி இயந்திரத்தில் கலன்களை ஒவ்வொன்றாகப் போட வேண்டும். 150 கலன்களுக்கு எங்களுக்குக் கால் மணி நேரம் பிடித்தது. பெருந்தொகையாகக் கொட்டி எண்ணும் தானியங்கிக் களஞ்சியங்கள் சில இடங்களில் உண்டு, முந்நூறுக்கு மேல் இருந்தால் தூரமானாலும் அங்கே போவது மேல். சில சிறு கடைகளும் கைமுறையாக வாங்கும். எது எங்கே, எத்தனை மணி வரை என்பதைத் திட்டத்தின் இணைய வரைபடத்தில் பார்த்துவிட்டே புறப்படுங்கள். ஞாயிறு பிற்பகலிலும் நீண்ட வாரவிடுமுறையிலும் வரிசை நீளும், இயந்திரம் நிரம்பி நின்றுவிடவும் கூடும். கடந்த ஆண்டு நாங்கள் இரண்டாவது இடத்துக்குப் போக வேண்டியிருந்தது. செவ்வாய் மாலை போனால் யாரும் இல்லை.

பணம் எப்படி வேண்டும் என்பதை முதல் கலனைப் போடுவதற்கு முன் தீர்மானியுங்கள். திட்டத்தின் செயலியை வீட்டிலேயே தரவிறக்கி உங்கள் கணக்கு விவரங்களைப் பதிந்து வைத்தால் பணம் நேரே வரும். செயலி வேண்டாமென்றால் கடையில் மாற்றக்கூடிய சீட்டு அச்சாகும். திரையில் தெரியும் தொண்டு நிறுவனத்துக்குக் கொடுக்கும் வழியும் உண்டு. பின்னால் நால்வர் நிற்கும்போது செயலியில் கடவுச்சொல் அமைத்துக்கொண்டிருப்பது எவ்வளவு வெட்கமான வேலை என்பதை அனுபவத்தில் சொல்கிறேன்.

வேறு மாநிலங்களில் இருப்போருக்கு: குயீன்ஸ்லாந்திலும் 2023 நவம்பர் 1 முதல் விக்ரோறியாவிலும் இதே 10 சதத் திட்டம் நடக்கிறது, தகுதிப் பட்டியலும் மூடியைக் கழற்றும் விதியும் மாறுபடும். குயீன்ஸ்லாந்தில் வைன் கண்ணாடிப் போத்தலுக்கும் பணம் உண்டு. மது, இரைச்சல் விதிகளும் மாநிலத்துக்கு மாநிலம் வேறு.

8. கணக்கு

இவ்வாண்டு 28 பிள்ளைகளுக்கு உணவு, பானம், கேக், ஐஸ், காகிதத் தட்டு எல்லாம் சேர்த்து எங்களுக்கு 540 டொலர் அளவில் ஆனது. கதிரைகளையும் மேசைகளையும் உறவினரிடம் இரவல் வாங்கினோம், பொலிஸ் பதிவுக்குச் செலவில்லை. 148 கலன்களுக்குத் திரும்பி வந்தது 14 டொலர் 80 சதம். அதற்காகவே காரை எடுத்துக்கொண்டு போவது கட்டுமா என்று கேட்டால், தனிப் பயணமாகப் போனால் கட்டாது. வாரச் சாமான் வாங்கும் பயணத்தோடு சேர்த்துக்கொண்டால் கட்டும். போக நேரமே இல்லையென்றால் கலன்களை மஞ்சள் மூடித் தொட்டியில் போடுங்கள்; அவை மீள்சுழற்சிக்கே போகும், 10 சதம் மட்டும் உங்கள் கைக்கு வராது.

ஏற்கப்படாத நான்கு பேணிகளையும் நாங்கள் அப்படித்தான் மஞ்சள் தொட்டியில் போட்டோம். அத்தொட்டிக்குள் எதையும் பிளாஸ்ரிக் பையில் கட்டிப் போடாதீர்கள், உதிரியாகவே போடுங்கள். காகிதத் தட்டில் எண்ணெயும் குழம்பும் ஊறியிருந்தால் அது பொதுக் குப்பைக்கான சிவப்பு மூடித் தொட்டிக்கு. மஞ்சள் தொட்டியைப் பல கவுன்சில்கள் இரண்டு வாரத்துக்கு ஒருமுறைதான் எடுக்கின்றன. உங்கள் வாரம் எது என்பதை நாள் குறிக்கும்போதே பார்த்திருந்தால், நிரம்பி வழியும் தொட்டியை அடுத்த பன்னிரண்டு நாட்கள் பார்த்துக்கொண்டிருக்க வேண்டி வராது.